மடக்கை விதிகள்: லாக்கைக் கண்டால் பதறுகிறவர்களுக்கு

போன மாதம் அக்கா மகள் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பதினொன்றாம் வகுப்பு. ஒரு பக்கம் முழுக்க மடக்கை விதிகளைச் சிவப்பு மையில் எழுதிக் கட்டம் கட்டி வைத்திருந்தாள். அதே பக்கத்தின் அடியில் லாக் (2 + 3) = லாக் 2 + லாக் 3 என்று ஒரு வரி. அதன்மேல் ஆசிரியர் போட்ட பெரிய தப்புக் குறி.

"எல்லா விதியும் மனப்பாடம் சித்தி. எதை எங்க போடறதுன்னுதான் தெரியல" என்றாள்.

அன்று சாயங்காலம் அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். அடுக்கு என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும். பேப்பரும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். கால்குலேட்டரைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்.

எழுதும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகத்தில் ஆங்கில எழுத்தில் இருப்பதை நான் 'லாக்' என்று எழுதுகிறேன். லாக்₂ என்றால் கீழே தொங்கும் 2 அடிமானம், அதாவது எந்த எண்ணுக்கு அடுக்கு போடுகிறோமோ அந்த எண். ஒன்றும் தொங்காமல் வெறும் 'லாக்' என்று இருந்தால் அடிமானம் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கில் எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தால் 2^க என்று எழுதுவேன். 2-ஐ க தடவை பெருக்குவது என்று அர்த்தம்.

படி 1: லாக் ஒரு கேள்வி

2³ = 8. இதில் மூன்று எண்கள் இருக்கின்றன. எந்த எண்ணை மறைக்கிறோமோ, அதற்கேற்பக் கேள்வி மாறும். 8-ஐ மறைத்தால் அடுக்குக் கணக்கு. 2-ஐ மறைத்தால் கனமூலம். 3-ஐ மறைத்தால், "2-க்கு எத்தனையாவது அடுக்கு போட்டால் 8 வரும்?" என்ற கேள்வி. அந்தக் கேள்வியின் சுருக்கெழுத்துதான் லாக்₂ 8. விடை 3.

ஆக, மடக்கை என்பது ஓர் அடுக்கு. இந்த ஒரு வரி மனதில் நின்றுவிட்டால் இனி வரப்போகும் விதிகளில் எதையும் நெட்டுருப் போட வேண்டியதில்லை. லாக் என்று எங்கே பார்த்தாலும் வாய்விட்டு "எத்தனையாவது அடுக்கு?" என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், அக்கா மகளையும் அப்படித்தான் கேட்க வைத்தேன்.

லாக்₃ 81: மூன்றுக்கு எத்தனையாவது அடுக்கு 81? நான்கு. லாக்₅ 1: ஐந்துக்கு எத்தனையாவது அடுக்கு 1? சுழி. லாக் 0.01: பத்துக்கு எத்தனையாவது அடுக்கு நூறில் ஒன்று? −2. லாக்₉ 3: ஒன்பதின் வர்க்கமூலம் 3, எனவே அரை. லாக்₄ 8-இல் பலர் கொஞ்சம் தடுமாறுவார்கள். நான்கின் வர்க்கமூலம் 2, அந்த இரண்டின் கனம் 8. அடுக்கு அரையும் மூன்றும் பெருகி 3/2.

கடைசி மூன்று விடைகளையும் கவனியுங்கள். மடக்கை குறை எண்ணாகலாம், பின்னமாகலாம். ஆனால் லாக்குக்கு உள்ளே போகிற எண் மட்டும் எப்போதும் மிகை எண்ணாகத்தான் இருக்க வேண்டும். 10-க்கு என்ன அடுக்கு போட்டாலும் சுழியும் வராது, −5-உம் வராது. அதனால் லாக் 0, லாக் (−5) இரண்டும் விடையில்லாத கேள்விகள். அடிமானமும் மிகை எண்ணாக இருக்க வேண்டும், 1 ஆகவும் இருக்கக் கூடாது. 1-ஐ எத்தனை தடவை பெருக்கினாலும் 1-தானே?

படி 2: பெருக்கல் விதி

8 × 32 = 256. இதை இரண்டின் அடுக்குகளாக எழுதினால் 2³ × 2⁵ = 2⁸. பெருக்கும்போது அடுக்குகள் கூடும் என்பது எட்டாம் வகுப்பு விஷயம். இப்போது அடுக்குகளை மட்டும் பாருங்கள்: 3 + 5 = 8. அந்த 3 என்பது லாக்₂ 8, 5 என்பது லாக்₂ 32, 8 என்பது லாக்₂ 256. எனவே

லாக் (ம × ந) = லாக் ம + லாக் ந

பெருக்கல் விதி இவ்வளவுதான். அடுக்கு விதி வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஒரே நிபந்தனை, மூன்று லாக்குக்கும் அடிமானம் ஒன்றாக இருக்க வேண்டும். 2³ × 5² என்றால் அடுக்குகளைக் கூட்ட முடியாது இல்லையா, அதே காரணம்தான்.

பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தரும் இந்த வேலைக்காகத்தான் மடக்கையையே கண்டுபிடித்தார்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே வாழ்ந்த ஜான் நேப்பியர் 1614-இல் தன் அட்டவணையை வெளியிட்டார். வானியலாளர்களும் மாலுமிகளும் ஏழெட்டு இலக்க எண்களைக் கையால் பெருக்கிக் கண் பூத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் நேப்பியரின் முதல் அட்டவணையில் 1-இன் மடக்கை சுழி அல்ல, 1 கோடியின் மடக்கைதான் சுழி. அதனால் மேலே சொன்ன விதி அப்படியே பொருந்தாது, ஒவ்வொரு தடவையும் ஒரு எண்ணைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. லண்டனில் பேராசிரியராக இருந்த ஹென்றி பிரிக்ஸ் 1615-இல் எடின்பரோவுக்கே பயணம் போய் அவரைச் சந்தித்தார். 1-க்குச் சுழி, 10-க்கு 1 என்று இருந்தால் வசதி என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். நேப்பியர் 1617-இல் இறந்துவிட, அந்த வேலையைப் பிரிக்ஸ் எடுத்துச் செய்து 1624-இல் 14 தசம இடங்கள் வரை கொண்ட அட்டவணையை வெளியிட்டார். நாம் லாக் டேபிளில் பார்ப்பது அந்தப் பத்தடிமான மடக்கையைத்தான்.

ஒரு கணக்கை அந்தக் காலத்து முறையிலேயே போட்டுப் பார்ப்போம். 2.37 × 48.6 வேண்டும். டேபிளில் இடப்பக்கம் 23 என்ற வரிசை, மேலே 7 என்ற பத்தி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் 3747. 2.37 என்பது 1-க்கும் 10-க்கும் நடுவில் இருப்பதால் மடக்கை 0.3747. அடுத்து 48 வரிசையில் 6-இன் கீழே 6866. 48.6 என்பது 10-க்கும் 100-க்கும் நடுவே, ஆகவே 1.6866. இரண்டையும் கூட்டினால் 2.0613. இனி மடக்கையிலிருந்து எண்ணைத் திரும்பத் தரும் எதிர்மடக்கை அட்டவணையில் .0613-க்கு உரியதைப் பார்த்தால் 1152. முன்னால் நிற்கும் 2 "நூறுகளில் இருக்கிறாய்" என்கிறது. விடை 115.2. நேராகப் பெருக்கினால் 115.182. ஒரு கூட்டலுக்கும் மூன்று தடவை டேபிள் புரட்டுவதற்கும் இது மோசமில்லை.

படி 3: வகுத்தல் விதி

இதில் நின்று பேச அதிகம் இல்லை. 2⁸ ÷ 2⁵ = 2³, வகுக்கும்போது அடுக்குகள் கழியும். ஆகவே

லாக் (ம ÷ ந) = லாக் ம − லாக் ந

லாக் 5 வேண்டும், கையில் லாக் 2 = 0.3010 மட்டும் இருக்கிறது என்றால், 5 என்பது 10 ÷ 2. விடை 1 − 0.3010 = 0.6990. ம இடத்தில் 1 போட்டால் லாக் (1/ந) = − லாக் ந என்றும் கிடைக்கும். இது அடிக்கடி கைகொடுக்கும்.

படி 4: அடுக்கு விதி

என்னைக் கேட்டால், மூன்றில் இதுதான் மூத்தது. 5⁴ என்பது 5 × 5 × 5 × 5. பெருக்கல் விதிப்படி அதன் மடக்கை, லாக் 5-ஐ நான்கு தடவை கூட்டினால் வருவது. அதாவது 4 லாக் 5.

லாக் (ம^க) = க × லாக் ம

அடுக்கில் உட்கார்ந்திருந்த எண் இறங்கி முன்னால் வந்துவிடுகிறது. க முழு எண்ணாக இல்லாவிட்டாலும் இது பொருந்தும். லாக் √7 என்றால் லாக் 7-இல் பாதி.

லாக் 2-க்கு 0.3010, லாக் 3-க்கு 0.4771 என்று டேபிளில் இருப்பதெல்லாம் எங்கிருந்து வந்தன என்று ஒருமுறையாவது நாமே கண்டுபிடித்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் லாக் டேபிள் யாரோ கொடுத்த மந்திரமாகத் தோன்றாது. 2-ஐப் பத்து தடவை பெருக்குங்கள்: 1024. இது 1000-க்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. 2¹⁰ ≈ 10³ என்றால், இருபக்கமும் லாக் எடுத்தால் 10 லாக் 2 ≈ 3. லாக் 2 ≈ 0.3. உண்மை மதிப்பு 0.3010. பென்சிலும் பேப்பரும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கிவிட்டோம்!

7-க்கு இன்னும் அழகாக வரும். 7⁴ = 2401. இது கிட்டத்தட்ட 2400, அதாவது 3 × 8 × 100. லாக் எடுத்தால் 4 லாக் 7 ≈ 0.4771 + 0.9030 + 2 = 3.3801. நான்கால் வகுத்தால் 0.8450. டேபிளில் 0.8451.

நான் மனப்பாடம் செய்யச் சொல்வது மூன்றே எண்களைத்தான்: லாக் 2 = 0.3010, லாக் 3 = 0.4771, லாக் 7 = 0.8451. 1 முதல் 10 வரை மிச்சம் எல்லாம் விதிகளே தந்துவிடும். 4 என்றால் 2², ஆக 0.6020. 5 மேலே பார்த்தோம். 6 என்றால் 2 × 3, ஆக 0.7781. 8 என்றால் மூன்று 0.3010, ஆக 0.9030. 9 என்றால் இரண்டு 0.4771, ஆக 0.9542. டேபிளோடு ஒப்பிட்டால் சில இடங்களில் கடைசி இலக்கம் ஒன்று கூடக் குறைய இருக்கும். நாம் எடுத்துக்கொண்ட நான்கு இலக்கங்களே முழுமைப்படுத்தியவைதானே, அதனால்தான். பயப்பட வேண்டாம்.

அடுத்து இலக்கங்களை எண்ணும் வேலை. கேரளத்தின் அம்பலப்புழை கோயில் பால் பாயசத்தோடு ஒட்டிய சதுரங்கக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். முதியவர் வேடத்தில் வந்த கிருஷ்ணர் ராஜாவைச் சதுரங்கத்தில் ஜெயித்துவிட்டு, முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று 64 கட்டங்களுக்கும் கேட்டாராம். 1 + 2 = 3, அது 4-க்கு ஒன்று குறைவு. 1 + 2 + 4 = 7, அது 8-க்கு ஒன்று குறைவு. இப்படியே போனால் மொத்த அரிசி 2⁶⁴-க்கு ஒன்று குறைவு. அது எத்தனை இலக்க எண்? 64 × 0.3010 = 19.264. அதாவது 10¹⁹-க்கும் 10²⁰-க்கும் நடுவில் இருக்கிறது. 10¹⁹ என்பது ஒன்றுக்குப் பின்னால் 19 சுழி, மொத்தம் 20 இலக்கம். நம் எண்ணும் 20 இலக்கம்தான். சந்தேகம் இருந்தால் முழு எண்ணும் இதோ: 1,84,46,74,40,73,70,95,51,615. எண்ணிப் பாருங்கள். ராஜா பாவம்!

வங்கிக் கணக்குக்கும் இதே விதிதான். 7 சதவீதக் கூட்டு வட்டியில் போட்ட பணம் எப்போது இரட்டிப்பாகும்? 1.07^ந = 2. லாக் எடுத்தால் ந × லாக் 1.07 = லாக் 2. லாக் 1.07 = 0.0294. ஆக ந = 0.3010 ÷ 0.0294, சுமார் 10.2 ஆண்டுகள். மும்மடங்காக வேண்டுமென்றால் மேலே 0.4771 போடுங்கள், சுமார் 16.2 ஆண்டுகள். எவ்வளவு பணம் போட்டோம் என்ற கேள்வியே இதில் வரவில்லை பாருங்கள். ஆயிரம் ரூபாய்க்கும் பத்து லட்சத்துக்கும் காத்திருக்கும் காலம் ஒன்றுதான்.

இதையே தேய்மானத்துக்குப் போடும்போது ஒரு குழி இருக்கிறது. ஒரு பைக்கின் விலை வருடத்துக்கு 15 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். எப்போது பாதி விலைக்குக் கீழே போகும்? 0.85^ந < 0.5. லாக் எடுத்தால் ந × (−0.0706) < −0.3010. இப்போது −0.0706-ஆல் வகுக்க வேண்டும். குறை எண்ணால் வகுத்தால் < என்பது > ஆகத் திரும்பும். ந > 4.26. அதாவது ஐந்து வருடம் முடியும்போது. குறியைத் திருப்ப மறந்தால் "நான்கு வருடத்துக்குள் எப்போதும் பாதிக்குக் கீழே" என்று அபத்தமான விடை வரும், புது பைக்குக்கும் சேர்த்து. 1-க்குக் குறைந்த எண்ணின் மடக்கை குறை எண் என்பது இங்கேதான் கடிக்கும்.

வழுக்கும் இடங்கள்

இப்போது அந்தத் தப்புக் குறிக்கு வருவோம். லாக் (2 + 3) என்பது லாக் 5, அதாவது 0.6990. லாக் 2 + லாக் 3 என்பது லாக் 6, அதாவது 0.7781. இரண்டும் வேறு. லாக்குக்குள் கூட்டல் இருந்தால் அதைப் பிரிக்க விதியே கிடையாது.

"அப்போ கூட்டல் வந்தா என்ன பண்றது சித்தி?" என்றாள்.

ஒன்றும் பண்ண வேண்டாம். முதலில் கூட்டி முடி, அப்புறம் லாக் எடு. கூட்ட முடியவில்லை என்றால் அப்படியே விட்டுவிடு. 2³ + 2⁵-ஐ ஒரே அடுக்காக எழுத உனக்கு ஏதாவது விதி தெரியுமா? அடுக்கில் இல்லாத விதி மடக்கையில் எங்கிருந்து வரும்?

கொஞ்ச நேரம் எதையோ எழுதிப் பார்த்துவிட்டு, "லாக் (2 + 2) = லாக் 2 + லாக் 2. இது சரியா வருதே?" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினாள். நல்ல மடக்குதான். 2 + 2-உம் 2 × 2-உம் ஒன்றாக இருக்கிற தற்செயல் அது. 3-உம் 1.5-உம் அப்படித்தான், கூட்டினாலும் 4.5, பெருக்கினாலும் 4.5. ஓர் உதாரணம் சரியாக வந்தது என்பதற்காக அதை விதியாக்கிவிட முடியாது.

கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டும்போது இதைக் காதாலேயே கேட்கலாம். ஒலியை டெசிபெலில் அளப்பது பத்தடிமான மடக்கையை 10-ஆல் பெருக்கித்தான். ஒரு ஸ்பீக்கர் ஓரிடத்தில் 80 டெசிபெல் தருகிறது. பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொன்று வைத்தால் 160 ஆகாது. ஒலியின் திறன்தான் இரட்டிப்பாகிறது, அளவுகோலில் கூடுவது 10 × லாக் 2 = 3 மட்டும். ஆக 83. பத்து ஸ்பீக்கர் கட்டினால் 90, நூறு கட்டினால் 100.

இன்னும் இரண்டு இடங்களில் வழுக்கும். லாக் 8 ÷ லாக் 2 என்பதும் லாக் (8 ÷ 2) என்பதும் ஒன்றல்ல. முதலாவது 3, இரண்டாவது 0.6020. வகுத்தல் விதி லாக்குக்கு உள்ளே நடக்கும் வகுத்தலுக்கு மட்டும்தான். அதேபோல (லாக் 100)² என்பது 2² = 4, லாக் (100²) என்பது லாக் 10,000, அதுவும் 4! இதுவும் ஒரு தற்செயல், ஏமாந்துவிடாதீர்கள். 1000-க்குப் போட்டுப் பாருங்கள்: முதலாவது 9, இரண்டாவது 6. அடுக்கு உள்ளே இருக்கும் எண்ணின்மேல் இருந்தால்தான் இறக்கலாம், மொத்த லாக்கின்மேல் இருந்தால் தொடக் கூடாது.

படி 5: அடிமானம் மாற்றுதல்

லாக்₂ 50 வேண்டும். டேபிளில் இரண்டடிமானம் இல்லை. என்ன செய்வது? கேள்வியை எழுதுங்கள்: 2^க = 50. இருபக்கமும் பத்தடிமான லாக் எடுங்கள்: க × லாக் 2 = லாக் 50. ஆகவே க = லாக் 50 ÷ லாக் 2 = 1.6990 ÷ 0.3010, சுமார் 5.64. சரிபார்க்க: 2⁵ = 32, 2⁶ = 64, நடுவில்தான் 50 இருக்கிறது.

பொதுவாக, எண்ணின் லாக்கை அடிமானத்தின் லாக்கால் வகுக்க வேண்டும். எது மேலே, எது கீழே என்று குழம்பினால், லாக்₂ 50 என்று எழுதும்போதே 2 கீழேதான் இருக்கிறது, வகுக்கும்போதும் கீழேயே இருக்கட்டும்.

இது எங்கே பயன்படும்? 1000 பக்க அகராதியில் ஒரு சொல்லைத் தேடுகிறீர்கள். நடுவில் பிரிக்கிறீர்கள், முன்னாலா பின்னாலா என்று பார்த்துப் பாதியைத் தள்ளிவிடுகிறீர்கள். இப்படிப் பாதி பாதியாகத் தள்ளினால் எத்தனை தடவையில் ஒரே பக்கத்துக்கு வருவோம்? லாக்₂ 1000 = 3 ÷ 0.3010, ஏறத்தாழ 10. பக்கங்கள் பத்து லட்சம் ஆனாலும் 20 தடவைதான். கணினியில் தேடுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் லாக் என்று சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

வேதியியல் படிப்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல். முதல் வகை வினைக் கணக்குகளில் 2.303 என்று ஓர் எண் எங்கிருந்தோ வந்து குதிக்கும். அது அடிமானம் மாற்றியதன் தடயம். இயற்கையில் தானாக வளர்வதும் தேய்வதும் 2.718-ஐ ஒட்டிய ஓர் அடிமானத்தில்தான் இயல்பாக அமையும், அதில் எடுக்கும் மடக்கைக்கு இயல் மடக்கை என்று பெயர். அந்த அடிமானத்தில் 10-இன் மடக்கை 2.303. டேபிள் பத்தடிமானத்தில் இருப்பதால் அந்த எண்ணால் பெருக்கிக்கொள்கிறோம். நான் படித்தபோது இதை யாரும் சொல்லவில்லை, மூன்று வருடம் அதை ஏதோ வேதியியல் மாறிலி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

படி 6: சமன்பாடு வந்தால்

லாக்₂ ப + லாக்₂ (ப − 2) = 3. ப என்ன?

இடப்பக்கம் இரண்டு லாக்கின் கூட்டல், அடிமானம் ஒன்றே. பெருக்கல் விதியைத் திருப்பிப் போட்டு ஒரே லாக் ஆக்குங்கள்: லாக்₂ [ப (ப − 2)] = 3. இப்போது அந்தப் பழைய கேள்வி: இரண்டுக்கு மூன்றாவது அடுக்கு என்ன? 8. ஆக ப² − 2ப = 8, அதாவது ப² − 2ப − 8 = 0. காரணிப்படுத்தினால் ப = 4 அல்லது ப = −2.

இங்கே நிறுத்திவிட்டு இரண்டையும் விடையாக எழுதினால் ஒரு மதிப்பெண் போய்விடும். ஒவ்வொன்றையும் முதல் வரியில் வைத்துப் பார்க்க வேண்டும். 4 வைத்தால் லாக்₂ 4 + லாக்₂ 2 = 2 + 1 = 3, சரி. −2 வைத்தால் முதல் லாக்குக்குள்ளேயே குறை எண், கேள்விக்கே அர்த்தமில்லை. எனவே தள்ளுபடி. இரண்டு லாக்கை ஒன்றாகச் சேர்க்கும்போது இந்த மாதிரி போலி விடை உள்ளே நுழையலாம். (−2) × (−4) = 8 என்று பெருக்குத்தொகை மிகை எண்ணாகிவிட்டதால், தனித்தனியாக நின்ற தடை காணாமல் போய்விட்டது.

கால்குலேட்டரும் பார் எண்ணும்

அறிவியல் கால்குலேட்டரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான் இருக்கும். மூன்றெழுத்தில் இருப்பது பத்தடிமானம், இரண்டெழுத்தில் இருப்பது இயல் மடக்கை. எது எது என்று சந்தேகம் வந்தால் 100-ஐ அடித்துப் பாருங்கள். 2 வந்தால் பத்தடிமானம், 4.605 வந்தால் மற்றது. கணினியிலும் இதே சோதனையைச் செய்துகொள்வது நல்லது. எக்செல்லில் லாக் என்று சும்மா போட்டால் பத்தடிமானம், பைத்தானின் கணித நூலகத்தில் அதே சொல் இயல் மடக்கையைத் தரும்.

1-க்குக் குறைந்த எண்ணுக்கு லாக் டேபிளும் கால்குலேட்டரும் வேறு வேறு மாதிரி பேசும். 0.002 என்பது 2 × 10⁻³. அதன் மடக்கை 0.3010 − 3. டேபிள் முறையில் இதை 3-இன் தலையில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் .3010 என்று எழுதி, "பார் மூன்று புள்ளி மூன்று சுழி ஒன்று சுழி" என்று படிப்போம். குறை எண் அந்த 3 மட்டும்தான், தசமப் பகுதி மிகை எண்ணாகவே இருக்கிறது. கால்குலேட்டரோ மொத்தமாகக் கழித்து −2.6990 என்று காட்டும்.

கல்லூரி முதல் வருடத்தில் இதில் நான் அடி வாங்கினேன். கால்குலேட்டர் தந்த −2.6990-ஐ எடுத்து, .6990-க்கு எதிர்மடக்கை பார்த்தால் 5 வந்தது. முன்னால் −2 இருக்கிறதே என்று 0.05 என்று எழுதினேன். சரியான விடை 0.002. இருபத்தைந்து மடங்கு தப்பு! −2.6990-ஐ முதலில் −3 + 0.3010 என்று மாற்றிக்கொண்டு, அப்புறம்தான் டேபிளுக்குள் போக வேண்டும்.

அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச்-உம் இதே கணக்குதான். டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் 1909-இல் கொண்டுவந்தது. ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையை எடுத்து, குறியை மாற்றினால் பிஹெச். செறிவு 0.002 என்றால் பிஹெச் 2.7. பிஹெச் ஒன்று குறைந்தால் செறிவு பத்து மடங்கு கூடும், இரண்டு குறைந்தால் நூறு மடங்கு.

போட்டுப் பார்க்க

கால்குலேட்டர் இல்லாமல் நான்கு கணக்குகள். (1) லாக்₂ 3 × லாக்₃ 8 எவ்வளவு? (2) 3⁵⁰ எத்தனை இலக்க எண்? (3) லாக் ப + லாக் (ப + 3) = 1 என்றால் ப என்ன? (4) லாக் (1 + 2 + 3) = லாக் 1 + லாக் 2 + லாக் 3 என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரியா, தப்பா?

விடைகள்: முதலாவது 3. அடிமானம் மாற்றினால் லாக் 3 மேலும் கீழும் அடிபட்டுவிடும். இரண்டாவது, 50 × 0.4771 = 23.855, ஆக 24 இலக்கம். மூன்றாவது, ப = 2. −5-உம் வரும், தள்ளிவிடுங்கள். நான்காவதை அக்கா மகளிடம் கொடுத்தேன். பார்த்ததும் "தப்பு" என்றாள், பிறகு இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்துவிட்டு, "இல்ல சித்தி, சரிதான், ஆனா இதை எழுதினவர் தப்பா யோசிச்சிருக்கார்" என்றாள்.